காத்து குறைச்சு அடிக்கிறோம்னு கேள்விப்பட்டவங்களுக்கு

வணக்கம். கொஞ்ச நாளா ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திட்டு இருக்கு, உங்கள்ல பாதி பேருக்கு வந்திருக்கும், எனக்கே ரெண்டு மூணு பேர் அனுப்பி "அண்ணே, இது உங்க கடையா"ன்னு கேட்டாங்க. நம்ம கடைதான். நாங்க வேணும்னே காத்த குறைச்சு வச்சு, டயர் சீக்கிரம் தேயட்டும், புதுசு வித்துக்கலாம்னு பண்றோமாம். டயர் விக்கிறவன்தான் நான், இல்லேன்னு சொல்லல, அதுக்காக இப்படி ஒரு பேச்சா.

நடந்தத சொல்லிடறேன். அந்த மெசேஜ் போட்டவர் ஹைவேல ஓட்டிட்டு வந்து நேரா நம்ம கடை முன்னாடி நிறுத்தினாரு, டயர்ல கைய வச்சா சுடுது. காத்து அளக்கற கேஜ் 37 பி.எஸ்.ஐ (காத்தோட அழுத்தத்த சொல்ற அளவு) காட்டுச்சு. அவர் வண்டிக்கு கம்பெனி சொல்றது 33, ஆனா பையன் கை வைக்காம அப்படியே விட்டுட்டான். மறுநாள் காலைல வேற எடத்துல பாத்திருக்காரு, 33. உடனே "நாலு பாயிண்ட் காணோம்"னு மெசேஜ். எங்கயும் போகல சார். டயர் சூடானா உள்ள இருக்கற காத்தும் சூடாகி பிரஷர் ஏறும், ஓடி வந்த வண்டில நாலஞ்சு பி.எஸ்.ஐ கூட காட்டறது சாதாரணம், ஆறினா தானா இறங்கிடும். அந்த சூட்டுலயே 33க்கு இறக்கி விட்டிருந்தாதான் காலைல 29ல வந்து நின்னிருக்கும், அப்போ திட்டியிருந்தா நியாயம். கம்பெனி குடுக்கற அளவே ஆறின டயருக்குத்தான், வண்டி ஒரு மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும். இத அன்னிக்கே அவர்கிட்ட சொன்னோம், மெசேஜ்ல மட்டும் அது வரல.

இன்னொன்னு, "டயர்லயே 51னு போட்டிருக்கு, நீங்க ஏன் 33 அடிக்கிறீங்க". அது அந்த டயர் தாங்கற உச்ச அளவு, உங்க வண்டிக்கு அடிக்க வேண்டியது இல்ல. டிரைவர் கதவ தொறந்தா பில்லர்ல ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம், அதுல இருக்கறதுதான் கணக்கு. ஃபுல் லோடுக்கு தனி நம்பர் போட்டிருந்தா ஆளுங்க, சாமானோட போறப்ப அத அடிங்க. மேல மேல ஏத்தினா டயரோட நடுப்பகுதி மட்டும் ரோட்ல பட்டு நடுவுல தேயும், பிடிப்பும் குறையும்.

காத்து கம்மியா ஓட்டறது இதவிட மோசம். ரெண்டு ஓரமும் தேயும், பெட்ரோல் கூட குடிக்கும், சைடு மடங்கி மடங்கி சூடேறி ஹைவேல வெடிக்கறது பெரும்பாலும் இப்படித்தான். ரொம்ப நாள் அப்படி ஓட்டின டயர கழட்டினா உள்ளேருந்து கருப்பா ரப்பர் தூள் கொட்டும், வெளிய பாத்தா டயர் நல்லாதான் இருக்கும், அத திருப்பி மாட்டித்தான்னு கேட்டா நாங்க மாட்ட மாட்டோம். அதையும் "வியாபார தந்திரம்"னு சொல்றாங்க, சொல்லிட்டு போகட்டும். இப்ப கார்ல பெரும்பாலும் வர்ற ரேடியல் டயர் சரியான காத்துலயும் கீழ லேசா பிதுங்கித்தான் தெரியும், காலால உதைச்சு பாத்து ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சரே இல்லாட்டியும் மாசம் ஒன்னு ரெண்டு பி.எஸ்.ஐ தானா இறங்கும்.

நைட்ரஜன் அடிச்ச டயர்ல சாதா காத்து கலந்தா ஆபத்தான்னு கேக்கறீங்க, ஒன்னும் ஆகாது. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சந்தேகம் இருக்கறவங்க சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வச்சுக்கோங்க, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, எங்கள நம்ப வேண்டியதே இல்ல. கேஜுக்கு கேஜ் ஒன்னு ரெண்டு வித்தியாசம் வரும், அதுக்கும் ஒரு மெசேஜ் போட்டுடாதீங்க.

அந்த மெசேஜ் வந்த பிறகும் எப்பவும் போல வந்து, பையன் கேஜ் வைக்கறப்ப பக்கத்துல நின்னு கூட பாக்காம டீ குடிக்கப் போனீங்களே, உங்க எல்லாருக்கும் மனசார நன்றி. அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தெரியல. அடுத்த மாசத்துலேருந்து காத்துக்கு சின்னதா ஒரு கட்டணம் உண்டு, போர்டுல எழுதியிருக்கோம். வரும்போது டிக்கிய கொஞ்சம் காலி பண்ணிட்டு வாங்க, ஸ்டெப்னிக்கும் சேர்த்தே பாத்துடலாம்.