உன் மணித்தியாலக் கணக்கு

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா உனக்கென்று மிளகாய்த்தூளும் தேசிக்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறா. நாளைக்கு ரவி இராஜகிரியப் பக்கம் வருகிறானாம். அவனிடம் இதையும் கொடுத்துவிடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் எடுத்தால் "மீட்டிங்கில இருக்கிறன் அப்பா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு இரண்டு விழுகிறது, அத்தோடு சரி. இதையாவது ஆறுதலாக இருந்து வாசி.

விஷயம் பெரிதில்லை. கார் கழுவுவது பற்றித்தான்.

சின்னம்மா போன புதன்கிழமை பத்தரமுல்லைக்குப் பாஸ்போர்ட் அலுவலாகப் போனவ, வருகிற வழியில் உன் பிளட்டடியில் இறங்கினாவாம். பதினொரு மணி இருக்குமாம். நீ கீழே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றாயாம். கேட்டதற்கு லீவு என்றாயாம். அம்மாவுக்கு ஒரே புளுகம். "பார்த்தீங்களே, கடைசியில உங்கட பிள்ளை உங்களை மாதிரியே வந்திட்டான்" என்று இரண்டு மூன்று பேருக்குப் போன் எடுத்தும் சொல்லிவிட்டா.

எனக்கும் சந்தோஷம் என்று எழுதத்தான் பேப்பரை எடுத்தேன்.

நீ இந்த அக்குவா காரை எடுத்த புதிதில் நடந்தது நினைவிருக்கும். நான் வாளியும் துணியுமாக வந்து நிற்க, என்னை மேசையில் இருத்திக் கணக்குப் போட்டுக் காட்டினாய். மாதச் சம்பளத்தை மணித்தியாலத்தால் பிரித்து, "என்ர ஒரு மணித்தியாலம் இவ்வளவு பெறும் அப்பா. கழுவித் துடைக்க இரண்டு மணித்தியாலம் போகும். சேர்விஸ் ஸ்டேஷன்காரன் அதில கால்வாசிக் காசுக்குச் செய்து தருவான். நான் கழுவினால் எனக்குத்தான் நட்டம்" என்றாய். நானும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு யார் சம்பளம் தருகிறார்கள், தராத மணித்தியாலத்துக்கு எப்படி விலை போட்டாய் என்று கேட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் அந்த வழக்கு தீராமலே நின்றுபோனது. நான் கேட்டதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் புதன்கிழமை பதினொரு மணி ஞாயிற்றுக்கிழமை இல்லையே. அது சம்பளமுள்ள மணித்தியாலம். உன் கணக்கை இந்த வாரம் முழுக்க நான்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள், தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இரவில் வேலை செய்துவிட்டுப் பகலில் சும்மா இருக்கிறார்கள், அதுவும் தெரியும். லீவு என்றால் லீவுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கழுவுவதென்றால் ஒழுங்காகக் கழுவு. பதினொரு மணி வெயிலில் தகடு கொதித்துக்கொண்டிருக்கும். நீ துணியை எடுப்பதற்கு முன்பே தண்ணீர் காய்ந்து வட்டம் வட்டமாக அடையாளம் விழுந்துவிடும். விடிய ஏழு மணிக்கு முன் செய், இல்லாவிட்டால் நிழலில் விட்டு, பொனட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகு செய். கோப்பை கழுவுகிற திரவத்தைப் போடாதே, அது அழுக்கோடு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மேலிருந்து கீழே வா. ரயருக்கு வேறு துணி, வேறு வாளி. பிரேக்கிலிருந்து வருகிற கறுப்புத் தூளில் இரும்பு இருக்கிறது, அது பட்ட துணியால் கதவைத் துடைத்தால் கோடு கோடாகக் கீறிவிடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் துடை. போன வருஷம் டிக்கியில் விழுந்த கீறலுக்கு உன் மோதிரம்தான் காரணம், நான் அப்போது சொல்லவில்லை.

காக எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாதே. கொழும்பில் கார் வைத்திருப்பவன் முதலில் பழக வேண்டியது இதுதான். பழைய சாரத் துணியொன்றை நனைத்து அதன் மேல் விரித்துவிட்டு மற்றப் பக்கத்தைப் பார். ஐந்து பத்து நிமிடத்தில் ஊறிவிடும். பிறகு துணியோடு சேர்த்து அப்படியே தூக்கி எடு, தேய்க்காதே. எச்சத்தில் மணல் இருக்கும், தேய்த்தால் பெயின்ட் போய்விடும். இரண்டு நாள் விட்டாலும் பெயின்ட் போய்விடும்.

இன்னொன்று. பின் சீட்டின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறது, ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கிற வழி. சேர்விஸ் ஸ்டேஷனில் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். தூசி அடைத்தால் பற்றரி சூடேறும். புதுப் பற்றரியின் விலை உனக்குத் தெரியும். சொந்தக் கையால் கழுவுவதில் எனக்குத் தெரிந்த இலாபம் இதுதான், காசு மிச்சம் பிடிப்பதில்லை. கழுவும்போதுதான் எங்கே துரு தொடங்குகிறது, எந்த ரயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று கண்ணில் படும்.

காசு கொடுத்துச் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். காரின் அடிப்பக்கம். அதை வீட்டில் செய்ய ஏலாது, ஹொயிஸ்டில் தூக்கித்தான் அடிக்க வேண்டும். தென்மேல் பருவக்காற்று நேரம் இங்கே மரைன் டிரைவ் பக்கம் வந்து போனால் உப்பு அடியில் ஏறிவிடும். அதற்குக் கஞ்சப்படாதே. பைப்பைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டும் நிற்காதே. அம்பத்தலையில் களனி ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புவது குடிக்கத்தான். பில்லிலும் யூனிட் கூடக்கூட விலை ஏறுகிறது. மூன்று வாளி காணும். வாளியைக் கவிழ்த்து வை, தண்ணீர் நின்றால் டெங்கு, பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

உங்கள் பிளட்டில் கீழே கழுவ விடுகிறார்களா? அந்தச் செக்கியூரிட்டித் தம்பிக்குத்தானே கழுவ மாதம் மூவாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தாய்? அவனை நிறுத்திவிட்டாயா? அவனுக்கு அந்தக் காசு சம்பளத்தில் சேர்ந்தது மாதிரி. நிறுத்துவதென்றால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். முடியாத நிலை என்றால் அது வேறு. முடியாத நிலையா என்று நான் கேட்கவில்லை, வெயிலில் கழுவாதே என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். காரை மினுக்கிப் படம் எடுக்கத்தான் கழுவினாயோ என்றும் ஒரு யோசனை வந்தது. விற்கிறவர்கள்தான் வேலை நாளில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது கழுவுகிறார்கள். அவசரப்படாதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு பார்த்தால் புதுக் காருக்குக் கிட்டப் போக முடியவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் இன்னொன்று வாங்குவது லேசில்லை. லீசிங் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா? நீ சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்து, விடிய அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது இதே கார்தான். அப்போது நீ மணித்தியாலக் கணக்குப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் நீ இங்கே நின்றாய். இதையெல்லாம் நான் யாரிடம் சொல்கிறேனோ இல்லையோ, காலையில் கடற்கரையில் கூட நடக்கிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் என் வாயை அடைக்கிற அளவுக்குச் சொல்வேன். அந்தப் பிள்ளை சின்னம்மாவை மேலே கூட்டிப்போய் ஒரு தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பினான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அப்பப்பாவின் மொறிஸ் மைனரை வேறு யாரும் தொட விட்டதில்லை. கோட்டைக்குக் கந்தோருக்குப் போக முன்பு, விடிய ஐந்து மணிக்கே கழுவித் துடைத்துவிடுவார். 83 ஆடிக் கலவரத்தில் அது என்னவானது என்று உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாதது அதற்குப் பிறகு நடந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது காரும் இல்லை, கந்தோரில் அவருடைய கதிரையும் இல்லை. எங்களை ஒளித்து வைத்திருந்த பக்கத்து வீட்டுச் சிங்கள மஹத்தயாவிடம் ஒரு ஒஸ்ரின் கார் இருந்தது. அப்பப்பா தினமும் போய் அதைக் கழுவத் தொடங்கினார். ஐந்து மணிக்கில்லை. ஒன்பது, பத்து மணிக்கு, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு. காசு வாங்கவில்லை, அவர்கள் கொடுக்கவும் துணியவில்லை. அப்பம்மா மதிலுக்கு மேலால் தேத்தண்ணீர் எட்டிக் கொடுப்பா. வேலை விஷயம் என்னவென்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல துப்புரவாக இருந்தது அந்தக் கார்.

அதனால்தான் சின்னம்மா சொன்ன நேரத்திலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் உன் காரின் வருமான அனுமதிப்பத்திரம் முடிகிறது. புகைச் சோதனையும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். இம்முறை இன்ஷூரன்ஸை நான் கட்டுகிறேன். இந்த மாதம் என் ஃபிக்ஸ்ட் டிபொசிட் ஒன்று முதிர்கிறது, எனக்கு அதில் வேறு செலவு கிடையாது. மறுக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன் காரைக் கொண்டு வா, பிந்தினால் நம் ஒழுங்கையில் விட இடம் கிடைக்காது. பத்திரங்களையும் எடுத்து வா. அம்மா கோயிலுக்குப் போய்விடுவா, பன்னிரண்டு மணி வரை வர மாட்டா. இருந்து கதைக்கலாம்.

மருமகளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை எடுத்துப் பார்த்தாலும் பரவாயில்லை, கார் கழுவுவது பற்றித்தானே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா