மஞ்சப்பூ கொடி இனி நம் கடையில் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒருவர் நம் நர்சரி முன்னால் காரை நிறுத்திவிட்டு, "மஞ்சப்பூ கொடி இருநூறு பாக்கெட் வேணும்" என்றார். இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாக்கெட் 10 ரூபாய்க்கு விற்ற செடி, வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசராத செடி, அதைப் போய் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். உங்களில் பலரும் கேட்பீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நாம் வெடேலியா என்று சொல்லும் இந்தக் கொடி நடு அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. தரையை மூடி அழகாக வளர்கிறதே என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உண்ணிச்செடியோடு இதுவும் இருக்கிறது. விதையை நம்பி இது பரவுவதில்லை. மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர் விடும். கத்தரித்துப் போட்ட விரல் நீளத் துண்டு போதும்.

இந்த விஷயத்தில் தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. சென்னை நீலாங்கரைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்கு நாங்கள்தான் தோட்டம் போட்டுக் கொடுத்தோம். மாதம் ஒருமுறை எங்கள் பையன்கள் போய்க் கத்தரிப்பார்கள். வெட்டியதைக் கூடையில் அள்ளி, பின்கேட்டைத் திறந்து மணலில் கொட்டிவிட்டு வருவார்கள். "போடுப்பா, வெயிலில் காய்ந்துவிடும்" என்று சொன்னது நான்தான். இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், கேட்டிலிருந்து கடலைப் பார்க்க ஜமுக்காளம் விரித்தாற்போல மஞ்சள் பூ. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கணுவுக்குக் கணு வேரும் மணலுமாகப் பிய்ந்து வந்தது. அறுந்த துண்டுகள் உள்ளேயே தங்கிவிட்டன. அடியில் பழுத்துக் கிடந்தன நாலைந்து அடும்பு இலைகள்.

அடும்பு என்ற பெயர் தெரியாவிட்டாலும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை, ஊதா கலந்த ரோஸ் பூ. பக்கத்திலேயே முள்ளுருண்டைகளோடு நிற்கும் புல், ராவணன் மீசை. காற்று ஓட்டிவரும் மணலைப் பிடித்து நிறுத்துவது இந்த இரண்டும்தான். மணல் மூட மூட அவையும் மேலே வளரும். அப்படித்தான் மேடு உயர்கிறது. அந்த மேட்டில் இறங்கும் மழைநீர்தான் அடியிலிருக்கும் உப்புநீரைத் தள்ளிவைக்கிறது. உங்கள் கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர் வருகிறதென்றால் அதற்கும் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட ஏறிவருவதும் இங்கேதான். அடும்பங்கொடி சிதைய ஆமை மணலில் முட்டையைப் புதைப்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

இன்னொரு குழப்பம். மூலிகைக்காக மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்பவர்களுக்குப் பல இடங்களில் வெடேலியாவைத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். பூவை வைத்து ஏமாந்துபோகலாம், இலையைப் பாருங்கள். வெடேலியா இலையின் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு மடல் துருத்திக்கொண்டிருக்கும். நம்மூர்ச் செடியின் இலை நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும்.

சரி, வெடேலியா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே என்பவர்கள் பதற வேண்டாம். வேரோடு பிடுங்கி, மண்ணில் படாமல் மொட்டைமாடி சிமெண்டுத் தரையில் பரப்புங்கள். கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகு உரக்குழியில் போடலாம். மூன்று வாரம் கழித்து அதே இடத்தை இன்னொரு முறை பாருங்கள், துளிர்த்திருக்கும். தோட்டக் குப்பை எதுவானாலும் பின்கேட்டு வழியாக மணலுக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டில் எங்கள் பையன்களே அப்படிக் கொட்டினாலும் தயங்காமல் எனக்கு போன் செய்யுங்கள்.

புல்தரைக்காக மணல் மேல் செம்மண் லோடு அடிக்கச் சொல்பவர்களுக்கு: காம்பவுண்டுக்கு உள்ளே என்றால் செய்து தருகிறோம். வெளியே மாட்டோம். செம்மண்ணோடு கோரையும் பார்த்தீனியமும் சேர்ந்தே வரும். தவிர, உயிருள்ள மணல்மேட்டைச் சமன் செய்வது கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி தடை. சவுக்கு மரமும் மணல்மேட்டுக்கு நல்லதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எல்லோரும் நட்டார்கள், நாங்களும் விற்றோம். ஆனால் அதன் சருகு மெத்தை போல மூடிய இடத்தில் அடும்பு பிழைத்து நான் பார்த்ததில்லை. மறைப்பு வேண்டுமென்றால் பூவரசு, புன்னை, தாழை வைக்கலாம். தாழைக்கு இடம் நிறைய வேண்டும், முள்ளும் உண்டு. குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

செடியோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாட்டிக் கொடுத்த தோட்ட விளக்குகளில் கடலைப் பார்த்தவற்றை ஜனவரியிலிருந்து மே வரை இரவில் அணைத்துவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நினைத்து ரோட்டுக்கு வந்துவிடும். 1988 முதல் இந்தக் கரையில் ஆமைக்காக ராத்திரி நடக்கும் மாணவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எங்களிடம் வாங்கிய வெடேலியாவைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால், ஒரு சாக்குக்கு ஒரு பூவரசோ புன்னையோ இலவசமாகத் தருகிறோம். பில் வேண்டாம். சாக்கின் வாயை மட்டும் நன்றாகக் கட்டுங்கள், வழியில் சிந்தப் போகிறது.

இப்படிக்கு,
உங்கள் நர்சரிக்காரர்