பேத்தை மீனின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பச்சை முதுகில் கரும்புள்ளிகளோடு, உருண்டைக் கண்ணை உருட்டியபடி நிற்கும் குட்டி மீனைப் பலரும் பார்த்திருப்பார்கள். கடையில் அதற்குப் பெயர் பஃபர். கடற்கரையில் அந்த இனத்தைப் பேத்தை என்பார்கள். ஆள் கிட்டே போனால் கண்ணாடியோரம் ஓடிவரும். அந்த முகத்துக்காகவே வாங்கிப் போகிறார்கள். அதன் பல்லைப் பற்றி மட்டும் விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கண்ணுக்கு முன்னால் சாப்பாடு கிடந்தும் பட்டினியில் மெலிந்து சாகிற மீன் இது. அந்தச் சாவைத் தடுக்க முடியும் என்பதால் எழுதுகிறோம்.

பேத்தையின் வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல்தகடுகள் ஒட்டிச் சேர்ந்து கிளிமூக்குபோல நிற்கும். டெட்ராவோடான் என்ற பேரினப் பெயருக்குக் கிரேக்க மொழியில் நாற்பல் என்றே பொருள். முள்ளம்பேத்தைக்கு நடுக்கோடும் கிடையாது. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆகவே அது டையோடான், அதாவது இருபல். இந்தத் தகட்டின் அடியில் புதுப் படலம் உருவாகி நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றிலும் கழிமுகத்திலும் நத்தை, நண்டு, மட்டி என்று ஓடுள்ள இரையை உடைத்துத் தின்பதால் வளர்ச்சிக்கு ஈடாக நுனி தேய்ந்துவிடும். வீட்டில் நாம் போடுவது பிளட்வார்ம் என்ற உறைந்த சிவப்புப் புழுவும் உரித்த இறாலும். தேய்மானம் நின்றுபோகும், வளர்ச்சி நிற்காது.

முற்றிய நிலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நத்தையைக் கண்டதும் மீன் ஆசையாகப் பாயும். மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வளைந்து இறங்கியிருப்பதால் வாய் போதிய அளவு திறக்காது. நத்தை நழுவும், மறுபடி பாயும், மறுபடி நழுவும். நான்கைந்து முறைக்குப் பிறகு ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். இது நோயென்று நினைத்துத் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மருந்து தொட்டியின் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கிறது, அம்மோனியா ஏறுகிறது, பசியில் துவண்ட மீன் அதைத் தாங்காது. இரையைக் கவ்விக் கவ்வித் துப்புவது, வாய் மூடிய பிறகும் பல் வெளியே தெரிவது, உதட்டில் புண், வயிறு உள்வாங்கியிருப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருந்து பாட்டிலை எடுக்காமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பல்லைப் பாருங்கள்.

பல்லை வெட்டுவது கடைசி வழி. முதல் வழி சாப்பாடு. ராம்ஸ்ஹார்ன் நத்தையும் குளத்து நத்தையும் ஒரு சின்னத் தொட்டியில் தானாகவே பெருகும். வாரம் இரண்டு மூன்று முறை போட்டால் போதும். நத்தை மீனின் கண் அளவுக்கு இருப்பது நல்ல கணக்கு. கூம்புபோல நீண்ட மலேசியன் ட்ரம்பெட் நத்தையின் ஓடு மிகக் கெட்டி; சின்னப் பேத்தைக்குப் பல் சிதறிவிடும். கொஞ்சம் வளர்ந்த மீனுக்கு ஓட்டோடு இறால், வாய் லேசாகத் திறந்த மட்டி, நண்டுக்கால் கொடுக்கலாம். வயல் நண்டும் வாய்க்கால் நத்தையும் பூச்சிமருந்தையும் ஒட்டுண்ணியையும் சேர்த்துக் கொண்டுவரும்; எடுக்க வேண்டாம். இறாலையும் மட்டியையும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்துவந்தாலும் ஆபத்து, ஏனென்றால் விட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி அவற்றில் உண்டு. மாற்றி மாற்றிக் கொடுங்கள். பல் நன்றாக இருக்கும் மீன் நத்தையை உடைக்கும்போது தொட்டிக்கு வெளியே நின்றாலும் 'நறுக்' என்று கேட்கும்.

பல் ஏற்கெனவே வளர்ந்துவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும். இதைக் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டும், அல்லது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். படங்களைப் பார்த்து வீட்டில் தனியாகச் செய்து மீனைக் கொன்றவர்கள் பலர். எங்கெங்கே தவறுகிறது என்பது தெரிந்தால் மருத்துவரிடம் சரியான கேள்வியாவது கேட்கலாம்.

மயக்க மருந்து கொடுக்காமல் பிடித்து வெட்டினால் மீன் திமிறும், உதடும் தாடையும் கிழியும். மருத்துவரிடம் எம்.எஸ். 222 என்ற மீன் மயக்க மருந்து இருந்தால் அதுவே சிறந்தது. அது நீரை அமிலமாக்கும் என்பதால் குறைந்தது அதே எடைக்குச் சமையல் சோடா சேர்த்தாக வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கிராம்பு எண்ணெய். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விடக் கூடாது. கரையாமல் துளித்துளியாகச் செவுளில் ஒட்டிச் சுடும். 1 மில்லி கிராம்பு எண்ணெயை 9 மில்லி எத்தனாலில் கலந்துகொண்டால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லியிலும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் எண்ணெய் இருக்கும். 2 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு முதலில் அரை மில்லி. அதாவது லிட்டருக்கு 25 மில்லிகிராம். மூன்று நிமிடம் பொறுத்தும் மயங்காவிட்டால் இன்னொரு கால் மில்லி. மொத்தம் 1 மில்லியைத் தாண்ட வேண்டாம். சொட்டுக் கணக்கில் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு பாட்டிலின் சொட்டும் ஒவ்வோர் அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து விடுங்கள்.

மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரம் இரை கூடாது. தொட்டி நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மயக்கத்துக்கு ஒரு பாத்திரம், தெளிவதற்கு இன்னொன்று. இரண்டிலும் அதே தொட்டித் தண்ணீர், அதே சூடு, அதே உப்பு. தெளியும் பாத்திரத்தில் காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கட்டும்.

மீன் தள்ளாடும், பிறகு பக்கவாட்டில் சாயும். வாலைத் தொட்டால் அசையாமல், செவுள் மட்டும் மெதுவாக ஒரே சீராக அசையும்போது எடுக்கலாம். பேத்தையின் செவுள் திறப்பு மார்புத் துடுப்புக்கு முன்னால் உள்ள சின்னப் பிளவுதான். அதைக் கவனிக்கவென்றே ஒருவர் இருக்க வேண்டும். அசைவு நின்றால் வெட்டுவதை அப்படியே விட்டு, நல்ல தண்ணீரில் போட்டு, பிப்பெட்டால் வாய்வழியே தண்ணீரை மெல்லச் செலுத்துங்கள்.

நனைத்த நைட்ரைல் கையுறை, நனைத்த மென்துணி. உலர்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு உரிந்துபோகும். அழகுக்கலைக் கடைகளில் விற்கும், நகத்தோரத் தோலை வெட்டும் கியூட்டிக்கிள் நிப்பர் போதும், ஆனால் புதியதாக, கூர்மையானதாக இருக்க வேண்டும். மேல்தகட்டை ஒரே கடியில் நறுக்கினால் பிளவு வேர்வரை ஓடும். ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக, எதிர்ப்பல்லைத் தாண்டி நிற்கும் நுனியை மட்டும் எடுங்கள். நாக்கு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வெளியே ஒரு நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடியாவிட்டால் தண்ணீரில் விட்டு மறுபடி எடுக்கலாம். குறைவாக வெட்டியதை இன்னொரு நாள் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு சாண் தாண்டிய மீனுக்கு, அதாவது ஃபஹாகா, எம்பு என்ற பெரிய பேத்தை வகைகள், முள்ளம்பேத்தை போன்றவற்றுக்கு நிப்பர் உதவாது. தகடு தடித்திருக்கும், வெட்டினால் பிளக்கும். தண்ணீர் சொட்டவிட்டு, வைரத்துகள் பூசிய பர் என்ற சுழலும் தேய்ப்பு முனையைக் குறைந்த வேகத்தில் ஓட்டித் தேய்க்க வேண்டும். மருத்துவர் கையைத் தவிர வேறு யாருக்கும் அது வேலையில்லை.

வெளியே எடுத்தபோது மீன் காற்றை விழுங்கி உப்பிவிட்டால் அமுக்கக் கூடாது. தண்ணீருக்கு அடியில், தலை மேலாகவும் வால் கீழாகவும் பிடித்துக்கொண்டிருந்தால் காற்று வாய்வழியாகத் தானே வெளியேறும். தெளிய ஐந்து பத்து நிமிடம் ஆகும். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். மயக்கத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அன்று இரை வேண்டாம், மறுநாள் மிருதுவான இரை, இரண்டு மூன்று நாள் கழித்துச் சின்ன நத்தை.

பேத்தை விஷமாயிற்றே, தொடலாமா என்று கேட்பார்கள். பேத்தையின் விஷமான டெட்ரோடாக்ஸின் தின்றால் கொல்லும்; கடியால் அது உள்ளே ஏறுவதில்லை. ஆனால் நத்தையோட்டை உடைக்கும் அலகு விரலை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மேற்குத்தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஓடும் கேரள ஆறுகளைச் சேர்ந்த மலபார் குட்டிப் பேத்தை வளர்ந்தாலும் 3.5 செ.மீ. தாண்டாது. அதன் வாய்க்குள் கருவியை விட யாரும் முயல வேண்டாம். அழியும் ஆபத்துள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது. சின்ன நத்தை கொடுத்து வளர்க்க முடியாதவர்கள் அதை வாங்கவே கூடாது.

கால்நடை மருத்துவர்களுக்கு எங்கள் வேண்டுகோள். முயலுக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளரும். அதைத் தேய்க்கும் கருவி உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. மீனைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் 'மீனுக்கெல்லாம் வைத்தியம் கிடையாது' என்று திருப்பி அனுப்பாதீர்கள். புதிதாக வேண்டியது மீனுக்கு மயக்கம் கொடுக்கும் பயிற்சிதான். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் மனம் வைத்தால் ஒரு நாள் செய்முறை வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கடைக்காரர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பச்சைப்புள்ளிப் பேத்தையை நன்னீர் மீன் என்று சொல்லி விற்காதீர்கள். அது உவர்நீரில் வாழ்வது, 15 செ.மீ. வரை வளர்வது. நன்னீரில் நாள்பட நலிந்த மீன் மயக்க மருந்திலிருந்து எழுவது கடினம். பையில் மீனைப் போடும்போது கூடவே பத்து நத்தையையும் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேத்தை மீன் வளர்ப்போர் சிலர்,
சென்னை.