பாடத்தை எழுதியவர் யார்?

குரோய்டன், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். பிஸ்கட் நிறுவனம் ஒன்று உங்கள் பள்ளியில் சத்துணவு பற்றி வகுப்பெடுக்க முன்வந்திருப்பதாகவும், கையேடும் சுவரொட்டியும் இலவசமாகத் தருவதாகவும், தலைமையாசிரியராகிய நீங்கள் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த நாடு இதில் பல ஆண்டு அனுபவம் கண்டது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2003-இல் கேட்பரி நிறுவனம், சாக்லேட் உறைகளைச் சேர்த்துக் கொடுக்கும் பள்ளிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் தருவதாக அறிவித்தது. பிள்ளைகளை ஓடியாட வைப்பதே நோக்கம் என்றார்கள். விளையாட்டுத் துறை அமைச்சரும் ஆதரித்தார். ஃபுட் கமிஷன் என்னும் தன்னார்வ அமைப்பு கணக்குப் போட்டது. ஒரு கூடைப்பந்துக்குத் தேவையான சாக்லேட் முழுவதையும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று தின்றால், அந்தக் கலோரிகளைச் செலவழிக்க 90 மணி நேரம் பந்தாட வேண்டும்! கண்டனம் வலுத்து, அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

இப்போது அவ்வளவு வெளிப்படையாக எவரும் வருவதில்லை. என் மகளின் பள்ளிக்கு ஓர் உணவு நிறுவனத்தின் உதவியில் வந்த கையேட்டை வரி விடாமல் படித்தேன். காய்கறி உண்ண வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஓடி விளையாட வேண்டும் என்றிருந்தது. பொய் என்று ஒன்றையும் சுட்ட முடியாது. ஆனால் சர்க்கரை கலந்த காலைத் தானிய உணவைப் பற்றியோ, பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எடை கூடினால் அது பிள்ளையின் சோம்பலால்தான் என்ற எண்ணமே படித்து முடித்ததும் மனத்தில் தங்குகிறது. விற்பவர் எழுதும் பாடத்தில் விற்கும் பொருள் ஒருபோதும் குற்றவாளி ஆவதில்லை என்பதுதான் என் கவலை.

நிறுவனங்கள் செய்வதெல்லாம் தீது என்று சொல்லவில்லை. அவர்கள் பண உதவியால் இங்குப் பல பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது. பசித்து வரும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆயினும் குளிர்பானங்களில் சர்க்கரை உண்மையாகவே குறைந்தது சட்டத்தால்தான். 100 மில்லிலிட்டரில் 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2018 ஏப்ரலில் வரி வரப்போகிறது என்று தெரிந்ததும், பல நிறுவனங்கள் தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டன.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது, அக்கா. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்தது. வாசலில் வைக்கக் கூடாத பெயரை வகுப்பறைச் சுவரில் ஒட்டலாமா? காலையில் உப்புமாவும் கிச்சடியும் பரிமாறும்போது காய்கறியைக் காட்டி நீங்கள் சொல்லும் நான்கு சொற்களே பிள்ளைகளுக்குப் போதுமான பாடம்.

கையெழுத்திடும் முன் கையேட்டின் படியைக் கேட்டு வாங்கி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இல்லாமல் தருவார்களா என்றும் கேளுங்கள். மறுத்தால், வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி மறுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பினால் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை