நிர்வாகக் குழுவுக்கு: இன்னும் ஆறு ஆட்டங்கள் இருக்கின்றன

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்களுக்கு,

உதைபந்தாட்ட லீக் அட்டவணையில் நமது கழகம் கடைசிக்கு முந்திய இடம். மிச்சம் ஆறு ஆட்டங்கள். கோச்சை மாற்றுவது, கொழும்பிலிருந்து இரண்டு முன்கள வீரர்களை இறக்குவது என்று குழுவில் பேச்சு நடப்பது திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்து மதிலோரம் வரை கேட்கிறது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். நாங்கள் வாங்கும் கோல்களை நிறுத்தினால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பலாம். ஆறு கிழமைக்குள் திருத்தக்கூடியதும் அது ஒன்றுதான்.

முதலில் கோச் விஷயம். 2022-23 பருவத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டெட் ஜெஸ்ஸி மார்ஷ், ஹாவி கிராசியா, சாம் அலர்டைஸ் என்று ஒருவர் பின் ஒருவராக ஆட்களை மாற்றியது, கீழ்ப்பிரிவுக்குப் போனது. அதே பருவம் சவுதாம்ப்டனும் மூன்று பேரை வைத்துப் பார்த்து, கடைசி இடத்தில் முடித்தது. மறுபக்கம் 2014-15இல் லெஸ்டர் சிற்றி: 29 ஆட்டங்களில் 19 புள்ளி, அடியிலும் அடி. நைஜல் பியர்சனை விலக்கவில்லை. பின்களத்தை மூன்று பேராக மாற்றினார்கள், றொபேர்ட் ஹூத்தைக் கடனாக எடுத்தார்கள். கடைசி ஒன்பதில் ஏழை வென்று 41 புள்ளியோடு தப்பினார்கள். வாங்கிய ஆள் ஒரு தடுப்பாளர் என்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான பருவங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுதான்: சரிவில் கோச்சை நீக்கிய கழகங்களும், அதே சரிவில் நீக்காத கழகங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மீண்டன. கோச்சில் பிழையே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. புதியவருக்குப் பிள்ளைகளின் பெயர் பாடமாகவே மூன்று ஆட்டம் போய்விடும், அவ்வளவுதான்.

இனிக் கோல்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இந்தப் பருவத்தில் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: எந்த நிமிடம், பந்து எங்கே பறிபோனது, எந்தப் பக்கத்தால் வந்தது, அடித்தவனுக்குப் பக்கத்தில் நின்றது யார், பந்துக்குப் பின்னால் நம் ஆட்கள் எத்தனை பேர். கையடக்கத் தொலைபேசியில் எடுத்த காணொளிகள் பெற்றோரிடம் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு பின்னேரம் போதும். எழுதிப் பார்த்தால் இரண்டு குவியல்கள் தெரியும் என்று அடித்துச் சொல்லலாம். ஒன்று கோர்னர், ப்ரீ கிக். மற்றது கடைசி இருபது நிமிடம்.

கோர்னருக்கு இப்போது எல்லோரும் கோலுக்குள் ஓடிவந்து நெரிந்து நிற்கிறார்கள். காப்பாளருக்கு வெளியே வர இடமில்லை. அடித்து விலக்கிய பந்து பெனால்டிப் பெட்டி விளிம்பில் நிற்கும் எதிரியிடமே போகிறது. நம் ஆட்கள் கோட்டிலேயே நிற்பதால் அவன் திருப்பி அடிக்கும்போது ஒப்சைட்டும் இல்லை. பத்துப் பேரையும் இப்படிப் பிரியுங்கள்: அண்மைக் கம்பத்தில் ஒருவர். அவருக்கு முன்னால், குட்டையாக வரும் பந்துக்கு ஒருவர். கோலுக்கு முன்னால் உள்ள சின்னப் பெட்டியின் 5.5 மீற்றர் கோட்டில் தலையால் நன்றாக அடிக்கும் மூவர், இவர்கள் ஆளைப் பார்க்காமல் பந்தைத்தான் பார்க்க வேண்டும். எதிரணியின் உயரமான மூவரைப் பிடிக்க மூவர். பெட்டி விளிம்பில் ஒருவர். மைதான நடுக்கோட்டில் ஒருவர். அவர் அங்கே நின்றால் எதிரணி இரண்டு பேரையாவது பின்னால் வைத்திருக்க வேண்டிவரும். பந்து விலகியதும் காப்பாளர் ஒரே சொல் கத்த வேண்டும், “வெளியே!”. பந்து போன தூரத்துக்கு எல்லோரும் ஓடி ஏற வேண்டும். எங்கள் பிள்ளைகள் மறப்பது இந்த ஏற்றத்தைத்தான். கிழமைக்கு இரண்டு நாள், இரு பக்கமும் பத்துப் பத்து கோர்னர். அதில் பாதியை இடதுகாலால் உள்ளே வளைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசி இருபது நிமிடக் கோல்களுக்குக் காரணம் களைப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் களைப்பு எங்கே முதலில் தெரிகிறது என்று பாருங்கள்: மத்தியகளத்து இருவர் திரும்பி வருவதில்லை, பின்களம் பயந்து பெட்டிக்குள் இறங்கிவிடுகிறது, நடுவில் 25 மீற்றர் வெற்றிடம். இரண்டு வரிசைக்கும் இடையே 10, 12 மீற்றருக்கு மேல் விடக்கூடாது. ஆள் மாற்றத்தை 80ஆவது நிமிடம் வரை இழுக்காதீர்கள். 60இல் அந்த இருவரில் ஒருவரை எடுங்கள், கோல் வாங்க முதல்.

தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக ஓட்டத்தைக் கூட்டுவது இன்னொரு பழைய வியாதி. மைதானத்தைச் சுற்றிப் பத்து வட்டம் ஓடவிட்டால் தொடைப் பின்தசை கிழிந்து இன்னும் இரண்டு பேர் வீட்டில் இருப்பார்கள். பிபாவின் ‘11+’ வார்ம்-அப் 20 நிமிடந்தான்: 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்தால் காயம் குறைகிறது என்பது பரிசோதித்துக் கண்ட விஷயம்.

வராதவனுக்குத் தண்டப்பணம் என்ற அறிவித்தலையும் எடுத்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல் சீசன். அணியில் சிலருக்கு இரவு வேலை, சிலர் கடலுக்குப் போகிறவர்கள். நித்திரை இல்லாமல் நாலு மணி வெயிலில் வந்து நிற்பவனுக்குத் தண்டம் போட்டு என்ன கிடைக்கும்? செவ்வாயும் வியாழனும் காலை 6 மணிக்கு ஒரு பிரிவு, பின்னேரம் 5 மணிக்கு ஒரு பிரிவு. வெள்ளி எல்லோரும் சேர்ந்து 45 நிமிடம் கோர்னர் மட்டும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை; திருப்பிக் குடிக்க வேண்டியது ஒன்றரை லீற்றர், அதுவும் ஒரே மூச்சில் அல்ல. நிறையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைகிற பிள்ளைக்குக் கடைசி நேரம் காலும் ஓடாது, புத்தியும் ஓடாது. ஒரு பைக்கற் ஜீவனிக்கு (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு லீற்றர் தண்ணீர். சோடாவில் கலக்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

காற்றையும் பயன்படுத்தத் தெரிய வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் ஆட்டம் தொடங்கும்போது காற்று பலமாகவும் பொழுதுபடத் தணிந்தும் இருக்கிற நாட்களில் நாணயச் சுழற்சியை வென்றால் முதற்பாதியில் காற்றோடு ஆடும் பக்கத்தைக் கேளுங்கள். எதிர்த்து ஆடும் பாதியில் உயரப் பந்து வேண்டாம். அது திரும்பி நம் தலையிலேயே விழும். பந்தில் காற்று எவ்வளவு என்பதும் முக்கியம். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம். நாங்கள் பெருவிரலால் அமத்திப் பார்த்து ‘கல்லு மாதிரி’ ஆக்கிவிடுகிறோம்; பயிற்சியில் ஒரு பந்து, போட்டியில் வேறு பந்து. மானியோடு ஒரு பம்ப் வாங்குங்கள்.

கடதாசி வேலை செயலாளருக்கு. மஞ்சள் அட்டைக் கணக்கை ஒருவர் எழுதி வைக்க வேண்டும். தடையில் இருப்பவனையோ பதிவு சரியில்லாதவனையோ இறக்கினால், வென்ற ஆட்டமும் 3-0 தோல்வியாக எழுதப்படலாம். சமபுள்ளி வந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்களா, நேருக்கு நேர் முடிவா என்று லீக்கின் விதிப்புத்தகத்தில் இன்றைக்கே தேடுங்கள். கோல் வித்தியாசம் என்றால், மூன்று கோல் பின்தங்கிய ஆட்டத்தில் எல்லோரும் முன்னே ஓடி ஐந்தாக வாங்குவது மடைத்தனம். இத்தனை புள்ளி எடுத்தால் தப்பலாம் என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் 2002-03இல் 42 புள்ளியோடு கீழே போனது. வெஸ்ட் புரொம்விச் 2004-05இல் 34 புள்ளியோடு தப்பியது. நமக்கு மேலே நிற்கும் இரண்டு கழகங்களோடு உள்ள இடைவெளிதான் இலக்கு. அவர்களோடு நேரடியாக மோதும் ஆட்டங்களுக்கு முதல் கிழமையில் யாரும் கல்யாண வீட்டுக்கோ காட்சி ஆட்டத்துக்கோ சாப்ட்போல் கிரிக்கெட் சுற்றுக்கோ போகக்கூடாது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய வீரர்கள் காசு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அந்தக் காசில் கூலிக்கு ஆள் எடுத்தால் ஆறு ஆட்டத்தோடு ஆளும் போய்விடும், காசும் போய்விடும். ஐஸ் பெட்டி, நல்ல பந்து பன்னிரண்டு, ஆட்டநாளில் ஒரு பிசியோ, இரவு வேலைக்காரப் பிள்ளைகளுக்கு ஓட்டோச் செலவு. மிச்சத்தைத் தொடாதீர்கள். அடுத்த வருடத்துக்கு இரண்டு வரவுசெலவுத் தாள் எழுதுங்கள், மேலே நின்றால் ஒன்று, இறங்கினால் ஒன்று. இறங்கினாலும் 17 வயதுக்குட்பட்ட அணியின் செலவில் கை வைக்கக்கூடாது.

ஒரு விஷயம் பூசிமெழுகாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி ஆட்டத்தில் எதிரணியோடு ‘பேசி முடிக்கலாம்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தப்புவதைவிட இறங்குவது மேல். பிடிபட்டால் கழகமே இருக்காது. 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் ஸ்பெயினின் கிஹோனில் 1-0 என்று ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றின. அல்ஜீரியாவின் ஆட்டம் முதல்நாளே முடிந்திருந்ததால் இருவருக்கும் தேவையான முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. ஆகவே நமது கழகமே முந்திக்கொண்டு, கடைசிச் சுற்றின் எல்லா ஆட்டங்களையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் வையுங்கள் என்று லீக்குக்கு எழுத வேண்டும். மைதானம் போதாது என்றால் அயலூர்களின் மைதானங்களையும் கேட்கலாம். கடிதம் இந்தக் கிழமைக்குள் போகட்டும். பிரதியை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய வீரர்களும் இளையோர் பயிற்றுநர்களும்,
திருகோணமலை.