எந்த சர்வர் போடலாம்?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நம்மிடம் இருக்கும் படங்களை வீட்டுத் திரைகளில் பார்க்க, பழைய மடிக்கணினியில் ஜெல்லிஃபின் (Jellyfin) போடட்டுமா, கோடியா (Kodi), மினிடிஎல்என்ஏவா (MiniDLNA) என்று கேட்டிருந்தாய். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூலம். ஆனால் செய்கிற வேலை வேறு வேறு.

கோடி அடிப்படையில் ஒரு பிளேயர். டிவியோடு எச்டிஎம்ஐ வயரில் கோத்த ஒரே பெட்டியில் படம் பார்ப்பதற்கு அதுவே போதும். மினிடிஎல்என்ஏ மிக இலேசானது. பழைய ரவுட்டரில்கூட ஓடும். கோப்பை அப்படியே டிவிக்குக் கொடுக்கும், மாற்றித் தராது. டிவிக்கு எச்.265 என்ற வீடியோ வடிவம் தெரியாவிட்டால் படம் ஓடாது.

உன் வீட்டில் டிவி, டேப்லெட், மாமியாரின் கைபேசி என்று மூன்று திரைகள். ஒன்றில் நிறுத்தியதை இன்னொன்றில் தொடர வேண்டும். அதனால் ஜெல்லிஃபின்தான் என்பேன். 2018 டிசம்பரில், எம்பி (Emby) என்ற இதே மாதிரி சர்வர் தன் மூலநிரலை மூடியபோது அதன் 3.5.2 பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. எம்பியிலும், ப்ளெக்ஸ் என்ற இன்னொரு சர்வரிலும் ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்கு, அதாவது வீடியோ வடிவத்தைச் சிப்பின் தனிப்பகுதி கொண்டு மாற்றுவதற்கு, காசு கட்ட வேண்டும். இதில் எதற்கும் பூட்டு இல்லை.

சிக்கல் வருவது அந்த டிரான்ஸ்கோடிங்கில்தான். திரைக்குப் புரியாத வடிவத்தை சர்வர் உடனுக்குடன் மாற்ற வேண்டும். பிராசஸர் மட்டும் தனியாகச் செய்தால் 4கே படம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அதிலேயே இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ மாற்றும் பகுதி, 10 பிட் நிற ஆழமுள்ள எச்.265-ஐயும் தாங்கும். ஆறாம் தலைமுறையில் 8 பிட் வரைதான். ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அதில் வீடியோவைப் புது வடிவத்தில் எழுதும் (என்கோடு செய்யும்) ஹார்டுவேரே கிடையாது. மென்பொருளைத் தனி அறைபோன்ற கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரில் ஓட்டினால், கிராபிக்ஸ் சாதனத்தையும் அந்தக் கன்டெய்னருக்குள் கொடு. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள்.

படம் ஓடும்போது ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டைத் திறந்து பார். நேரடியாக ஓடுகிறதா, மாற்றுகிறதா, ஏன் மாற்றுகிறது என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் வசனவரிதான் காரணம். புளூரேயில் வரும் படவடிவ வசனவரியைப் பல கருவிகளால் காட்ட முடியாது. அப்போது சர்வர் அதை வீடியோவின் மேலேயே பதிக்க வேண்டியிருக்கும், அதற்காக முழுப் படத்தையும் மாற்றும். யூனிகோடில் எழுதிய எஸ்ஆர்டி (எழுத்துவடிவ வசனவரி) கோப்பு வைத்தால் பெரும்பாலும் அந்தச் சுமை இல்லை. சர்வர் பதிக்கும் வசனவரியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போடு.

ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர். பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஆண்டு இல்லாவிட்டால் ஒரே பெயரில் வந்த வேறு படத்தின் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதே, கண்ணு. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற தனிப் பாதுகாப்பு இணைப்பு (விபிஎன்) வழியாகப் போ. பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன் சர்வரை நிறுத்தி, கான்ஃபிக், டேட்டா ஃபோல்டர்களை நகலெடு. தரவுதளம் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் அந்த நகல் இல்லாமல் பழையதற்குத் திரும்ப முடியாது.

மடிக்கணினியின் பிராசஸர் எண்ணையும் டிவியின் மாடலையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா