14ஆம் கேள்வி

ஒட்டுசுட்டான்

அன்பு மகளுக்கு,

காணாமல் போனவையின்ரை குடும்பங்களிட்டைக் கேக்க நீ எழுதின வினாக்கொத்து கிடைச்சுது. மூண்டு தரம் வாசிச்சிட்டன். எங்கடை சனம் கதைக்கிற தமிழிலையே எழுதியிருக்கிறாய், அப்பாவுக்கு நல்ல புளுகம். ரண்டு கிழமையா நீ போன் எடுக்கேல்லை. வேலையாக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஜி.எஸ்ஸிட்டை (கிராம சேவகரிட்டை) பட்டியல் வாங்கி வீடு வீடாப் போகப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். வேண்டாம் பிள்ளை. ஜி.எஸ்ஸோடை வாற ஆளுக்கு இஞ்சை ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம். வீட்டுத்திட்டத்துக்குப் பதியினம் எண்டு நினைச்சுக் கையொப்பம் வைப்பினம். படிவத்தை வாசிச்சுக் காட்டிப்போட்டு, விளங்கினதை அவையின்ரை வாயாலை சொல்லவிடு. "உதவி வருமோ" எண்டு கேட்டால் திரும்ப முதலிலையிருந்து தொடங்கு. கையொப்பத்துக்கு அடுத்த நாள் போ. சொன்ன சொல்லுக்காக மற்ற ஆளுக்கு மின்சார அதிர்ச்சி குடுப்பினமோ எண்டு பாத்த உளவியலாளர் மில்கிராமின்ரை முதல் பரிசோதனையிலை, உண்மையா அதிர்ச்சி குடுக்கிறம் எண்டு நம்பி, 40 பேரிலை 26 பேர் கடைசி 450 வோல்ற் வரைக்கும் போனவை. மேலங்கி போட்ட ஒருத்தர் பக்கத்திலை நிண்டு தொடரச் சொன்னார், அவ்வளவுதான். இஞ்சத்தைச் சனத்துக்கு அந்த மேலங்கி நீ.

பேரை எடுத்துவிட்டால் காணும் எண்டு நினையாதை. "வயது 52, வலது கால் இல்லை, ரண்டு பிள்ளையளைத் தேடுறா" எண்டு எழுதினால் ஊரிலை சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். மாவட்டத்தோடை நிப்பாட்டு. வயதைப் பத்துப் பத்தாப் போடு. பேரும் இலக்கமும் உள்ள தாளைப் பதிலுகளோடை வையாமல் வேறை இடத்திலை பூட்டு.

மனச்சோர்வை அளக்கிற ஒன்பது கேள்விப் படிவம் பி.எச்.கியூ-9இலை கடைசி வரி சாகிற எண்ணத்தைக் கேக்குது. அதுக்கு ஒருத்தர் 1 போட்டாலும் மொத்தப் புள்ளியைக் கூட்டிக்கொண்டு இருக்காதை. அந்த இடத்திலையே கதை, அண்டைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அறிவி. 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பெரிசா எழுதிக் குடு. ஆரிட்டை அனுப்புறது எண்டு ஒழுங்கு செய்யாமல் அந்த வரியைக் கேக்கவே கூடாது.

14ஆம் கேள்வி. "காணாமல் போனவர் உயிருடன் இருக்கிறார் என நம்புகிறீர்களா? ஆம் / இல்லை." இதுக்குத்தான் குடும்ப உளவியல் ஆய்வாளர் போலின் பொஸ் "தெளிவற்ற இழப்பு" எண்டு பேர் வைச்சவ. காலமை "ஆம்" எண்ட தாய் பின்னேரம் "இல்லை" எண்டுவா, ரண்டும் உண்மை. "இல்லை"யிலை புள்ளடி போட்டால் தானே பிள்ளையைக் கொன்ற மாதிரி இருக்கும். "ஆம்" எண்டால் அவவுக்கு மனநோய் எண்டு நீ கணக்கெடுப்பாய். அதை எடுத்துவிடு. "அவரைப் பற்றிச் சொல்ல விருப்பமோ" எண்டு கேள், நடுவிலை கேள். முடிக்கேக்கை தோட்டம், பேரப்பிள்ளையள் எண்டு கதைச்சு, அவவின்ரை முகம் தெளிஞ்ச பிறகு எழும்பு.

இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மீளக் குடியேறின காலத்திலை ஒரு நிறுவனத்துக்கு நானும் படிவம் நிரப்பினனான். இதே கேள்வி. ஒரு அம்மா பதில் சொல்லாமல் என்ரை கையைப் பிடிச்சா. நான் கையை இழுத்து "இல்லை"யிலை புள்ளடி போட்டிட்டு அடுத்த படலைக்குப் போனன். அந்தத் தாளாலை என்ன நடந்தது எண்டு அவவுக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லை. நானும் போகேல்லை.

நீ அனுப்பினதை நானும் நிரப்பிப் பாத்தன். 13 வரைக்கும் நிரப்பியிருக்கிறன். அண்ணான்ரை சேட்டுகளைப் போன கிழமைதான் வெயிலிலை காயப்போட்டு எடுத்து வைச்சனான்.

ஞாயிறு பின்னேரம் வீட்டிலைதான் இருப்பன்.

அம்மா